தம்பியா செய்தது?

எங்கள் வீட்டின் பின்வளவில் கிணற்றடியிலிருந்து குசினிப் படி வரைக்கும் மதிலோரமாக ஒரு ட்ராம் பாதை இருக்கிறது. அதன் நீளம் 9 மீற்றர். ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள ட்ராம் வண்டி ஒன்று அதில் போய் வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டதும் சிரிப்பார்கள், குனிந்து பார்ப்பார்கள், கைத்தொலைபேசியில் படமும் எடுப்பார்கள். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“தம்பியா செய்தது?”

தம்பிக்கு வயது ஒன்பது. இந்த வேலையில் அவனுடைய பங்கு, வண்டியில் புளியங்கொட்டைகளை ஏற்றிப் பிரயாணம் அனுப்புவது மட்டும்தான். தண்டவாளம் போட்டது, மோட்டாரைப் பொருத்தியது, வயர் இணைத்தது எல்லாம் நான். “இல்லை, நான்தான்” என்று சொன்னால், “அப்படியா, வாப்பா உதவி செய்திருப்பார்” என்று பதில் வருகிறது.

இதைச் சொல்வது யாரையும் குறை கூறுவதற்காக அல்ல. கேட்டவர்கள் எல்லோரும் என்மீது அன்புள்ளவர்கள். ஆனால் அந்தக் கேள்வி பலமுறை வந்தபிறகு, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்வது போதாது என்று தோன்றியது. நமது கல்லூரிச் சஞ்சிகையை மாணவியரோடு பெற்றோரும் வாசிக்கிறார்கள். அதனால் இந்தப் பொழுதுபோக்கு என்ன, அது நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு ஏன் தேவை என்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறையில் பலருக்கு ட்ராம் என்றால் என்னவென்று தெரியாது. தெருவோடு தெருவாகப் பதித்த தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் வண்டிதான் ட்ராம். வீதிக்கு மேலே ஒரு கம்பி செல்லும். வண்டியின் கூரையிலிருந்து எழும் ஒரு நீண்ட கோல் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும். கம்பியிலிருந்து மின்னோட்டம் கோல் வழியாக மோட்டாருக்கு வந்து, சில்லுகள் வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்கித் திரும்பிப் போகும்.

கொழும்பிலும் இது ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் தறுவாயில் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதையும் பொரளைக்கு ஒரு பாதையும் போடப்பட்டன. 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்த ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமான ஒன்று. 1944இல் ட்ராம் சேவை கொழும்பு மாநகர சபையின் கைக்கு மாறியது. 1953இல் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1960ஆம் ஆண்டளவில் ட்ராம் முற்றாக மறைந்துவிட்டது.

என் உம்மாவின் வாப்பா, அதாவது என் அப்பா, கிராண்ட்பாஸில் வளர்ந்தவர். ஆறேழு வயதில் அவர் ட்ராமில் போயிருக்கிறார். சாரதி காலால் மிதித்து அடிக்கும் மணியோசையை இன்றும் வாயால் செய்து காட்டுவார். நான் பாதை போடத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் அவர் சொன்னார்: “ட்ராமுக்கு மேலே ஒரு கம்பிதான் மகள். பிறகு ட்ரொலி பஸ் வந்தபோது இரண்டு கம்பி கட்டினார்கள். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் பெரியவர்கள் ஏசுவார்கள் என்று கேட்கவில்லை.”

எனக்கு அது தெரிந்திருந்தது. ட்ராமுக்குக் கீழே இரும்புத் தண்டவாளம் இருப்பதால் மின்னோட்டம் அதன் வழியே திரும்பிவிடும். ட்ரொலி பஸ்ஸுக்கு இருப்பதோ ரப்பர் டயர். அதன் வழியே மின்னோட்டம் போகாது. ஆகவே போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி. நான் இதைச் சொன்னதும் அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இவ்வளவுதானா!” என்றார். அதற்கு முன்பு அவர் என் வேலையைப் பிள்ளை விளையாட்டாகவே பார்த்தார். அன்றிலிருந்து அஸர் தொழுகை முடிந்ததும் கதிரையைப் பின்வளவுக்குக் கொண்டுவந்து போட்டு உட்காருகிறார்.

வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ட்ராம், மாதிரி ரயில் ஓடவிடுவது பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் பெரியவர்களே செய்கின்ற பொழுதுபோக்கு. 1968இல் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிலுள்ள லேமன் நிறுவனம் தோட்டத்தின் மழை வெயிலைத் தாங்கக்கூடிய 45 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தோடு மாதிரி ரயில்களை விற்கத் தொடங்கியது. அதன்பின் பலரும் இதில் இறங்கினார்கள். ஆனால் ட்ராம் மாதிரிகளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானிய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் ட்ராம்களைக் கைவிட்டன. பழைய ட்ராம் சேவை லண்டனில் 1952இலும் கிளாஸ்கோவில் 1962இலும் நின்றது. வண்டிகள் உடைத்து விற்கப்பட்டன. அவற்றை நேசித்தவர்கள், இழந்ததைத் தங்கள் கையால் சிறிதாகச் செய்து வைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கிளோட் லேன் என்பவர் லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் ஒரு சிறிய தொழிற்சாலை வைத்திருந்தார். பற்றரியில் ஓடும் பால் வண்டி போன்றவற்றைச் செய்வது அவர் தொழில். 1940களின் இறுதியில், 15 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறிய ட்ராம் ஒன்றைத் தன் ஆசைக்காகச் செய்தார். விழாக்களில் பிள்ளைகளை ஏற்றி ஓட்டினார். பிறகு ரில் என்ற கடற்கரை நகரில் ஒரு பாதை, அதன்பின் ஈஸ்ட்போர்னில் இன்னும் பெரிய பாதை என்று அது வளர்ந்தது. 1970இல் டெவன் மாவட்டத்திலுள்ள சீட்டனில், கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையில் தன் ட்ராம்களை ஓடவிட்டார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். ஆனால் சீட்டன் ட்ராம்வே இன்றும் ஏறத்தாழ 3 மைல் தூரம் பயணிகளை ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதனின் பொழுதுபோக்கு உண்மையான ட்ராம்வேயாக மாறிவிட்டது.

எனது 9 மீற்றர் அப்படியெல்லாம் வளரப்போவதில்லை. ஆனால் “இதனால் என்ன பிரயோசனம்?” என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இந்தக் கதை என்னிடம் இருக்கிறது.

நான் தொடங்கியது சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில். எல்லோருக்கும் அந்த மாதங்கள் தெரியும். காலையில் ஒரு கணினி வகுப்பு, மாலையில் ஒரு கேக் வகுப்பு, மிகுதி நேரம் கைத்தொலைபேசி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் அப்பா மணியோசை செய்து காட்டியபோது, அந்த ட்ராமைச் செய்து பார்த்தால் என்ன என்று நினைத்தேன்.

முதலில் அளவு. கொழும்பு ட்ராம் பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மில்லிமீற்றர். நமது ரயில் பாதையை விட அது ஒடுக்கமானது. அதை 24ஆல் வகுத்தால் 44.5 வருகிறது. தோட்ட ரயில்காரர்கள் பயன்படுத்தும் 45 மில்லிமீற்றருக்கு மிக அருகில்! ஆகவே எல்லாவற்றையும் 24இல் ஒரு பங்காகச் செய்வதென்று முடிவுசெய்தேன். உண்மையான ட்ராம் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போனால் என்னுடையது செக்கனுக்கு 23 சென்ரிமீற்றர் போக வேண்டும். சில்லின் விட்டம் 32 மில்லிமீற்றர், சுற்றளவு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். அப்படியென்றால் சில்லு நிமிடத்துக்குச் சுமார் 140 முறை சுற்ற வேண்டும். கடையில் போய், “நிமிடத்துக்கு 140 சுற்றுச் சுற்றும் 12 வோல்ற்று கியர் மோட்டார் தாருங்கள்” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வட்டத்தின் சுற்றளவு கீழ் வகுப்புகளிலேயே படித்த பாடம்தான். பரீட்சைத் தாளுக்கு வெளியே அது எனக்குப் பயன்பட்டது அதுவே முதல் தடவை.

சில்லுகளைக் கடையில் வாங்க முடியவில்லை. லேத் வேலைத்தளம் ஒன்றில் கடைந்து எடுக்க வேண்டியிருந்தது. வாப்பாவோடு போனேன். படம் வரைந்து கொண்டுபோனது நான். ஆனால் பாஸ் கேள்விகளையெல்லாம் வாப்பாவிடமே கேட்டார். வாப்பா ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், பாஸ் தலையாட்டிவிட்டு அடுத்ததையும் வாப்பாவிடமே கேட்டார். சில்லின் உட்பக்க விளிம்பை அவர் ஒரு மில்லிமீற்றர் போதும் என்றார். மூன்று மில்லிமீற்றர் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும் என்றேன். சில்லின் ஓரம் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் வண்டி தானாகவே பாதையின் நடுவுக்கு வரும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு படத்தாளை வாப்பாவின் பக்கமிருந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதன்பின் அவர் வாப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை, கணக்கைத் தவிர.

வேலை தொடங்கியபிறகு தவறுகள் வரிசையாக வந்தன. தண்டவாளத்துக்கு அலுமினியப் பட்டைகளையும் குறுக்குக் கட்டைகளுக்குப் பழைய பலகையையும் எடுத்தேன். ஆறு வாரத்தில் பலகையைக் கறையான் தின்றுவிட்டது. பிளாஸ்டிக் குழாயை வெட்டித் தட்டையாக்கித் திரும்பவும் 120 கட்டைகள் செய்தேன்.

அடுத்தது வெயில். பாதை அசையக்கூடாது என்று இரண்டு நுனிகளையும் சீமெந்தில் பதித்திருந்தேன். ஒரு மார்ச் மாத நண்பகலில் போய்ப் பார்த்தால் நேராக இருந்த தண்டவாளம் பாம்பு போல வளைந்து கிடந்தது. அலுமினியம் ஒரு பாகை சூடேறினால் ஒவ்வொரு மீற்றருக்கும் 0.023 மில்லிமீற்றர் நீளும். கேட்கும்போது இது ஒன்றுமில்லாத எண். ஆனால் 9 மீற்றர் நீளம், காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 30 பாகை வித்தியாசம் என்றால் 6 மில்லிமீற்றருக்கு மேல் வருகிறது. அந்த 6 மில்லிமீற்றர் போக இடமில்லாமல் பக்கவாட்டில் வளைந்துவிட்டது. சீமெந்தை உடைத்து நுனிகளை விடுவித்து, பட்டைகள் சேரும் இரண்டு இடங்களிலும் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன். இன்றுவரை வளையவில்லை.

மூன்றாவது தவறுதான் பெரியது. உண்மையான ட்ராம் போலவே மேலே செப்புக் கம்பி, கீழே தண்டவாளம் வழியாகத் திரும்பும் மின்னோட்டம் என்று அமைத்தேன். முதல் நாள் அழகாக ஓடியது. மழை பெய்த மறுநாள் நடுவழியில் நின்றுவிட்டது. மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தால் தொடக்கத்தில் 12 வோல்ற்று, மறுமுனையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இடைவெளி விட்ட இடங்களில் மின்னோட்டம் அறுந்திருந்தது. செப்பு வயரால் பாலம் போட்டேன். உண்மையான ட்ராம் பாதைகளிலும் தண்டவாளப் பொருத்துகளுக்குக் குறுக்கே செப்புக் கடத்திகள் இருந்தன என்று பிறகு வாசித்தபோது மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் வண்டி தயங்கித் தயங்கியே போனது. அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்டதும் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகும், அது மின்னைக் கடத்தாது. அந்தப் படலம்தான் உலோகத்தை அரிக்கவிடாமல் காக்கிறது. என் ட்ராமை நிறுத்தியதும் அதுதான். இரசாயனவியல் புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்ததை நான் இரண்டு வாரம் செலவழித்து விளங்கிக்கொண்டேன்.

கடைசியில் வண்டிக்குள்ளேயே பற்றரி வைத்தேன். மேலே இருக்கும் கம்பி இப்போது அழகுக்கு மட்டும். யாராவது கேட்டால் அதை மறைப்பதில்லை. பித்தளைப் பட்டை வாங்கப் பணம் சேர்ந்ததும் அந்தக் கம்பிக்கு உயிர் கொடுப்பேன், இன்ஷா அல்லாஹ்.

இந்தத் தவறுகளை விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. நமது படிப்பில் தவறு என்றால் சிவப்பு மையால் போட்ட கோடு. அதைப் பார்த்து வெட்கப்படுகிறோம், தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறோம். பரீட்சையில் 75 புள்ளி எடுத்தால் விசேட சித்தி. மிகுதி 25 எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. தண்டவாளம் அப்படியல்ல. 9 மீற்றரில் ஒரேயொரு இடத்தில் அகலம் இரண்டு மில்லிமீற்றர் தவறினால் வண்டி அந்த இடத்தில் விழும். அது யாருடைய பிள்ளை என்று பார்க்காது, ஆணா பெண்ணா என்று பார்க்காது, சாக்குப்போக்கும் கேட்காது. போய்க் குனிந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தத்தான் வேண்டும். திருத்தினால் ஓடும். இந்தப் பழக்கம் எனக்கு வகுப்பறையில் வரவில்லை, பின்வளவில்தான் வந்தது.

எங்கள் வீட்டிலும் வெளியிலும் சொல்லப்பட்ட மறுப்புகளையும் நான் மறைக்கக்கூடாது.

முதலாவது, நேரம். இதில் உம்மாவின் பக்கம் நியாயம் இருந்தது. உயர்தரத்தின் முதல் தவணையில் எனக்கு இரசாயனவியல் புள்ளி குறைந்தது. படிக்க வேண்டிய நேரத்தில் வயர் இணைத்துக்கொண்டிருந்தது உண்மை. உம்மா ஏசினார். அதன்பின் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அஸரிலிருந்து மஃரிப் வரை மட்டும். மஃரிப் பாங்கு கேட்டதும் கருவிகள் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அடுத்த தவணையில் புள்ளி பழைய நிலைக்கு வந்தது. எந்த நல்ல பொழுதுபோக்குக்கும் ஒரு வேலி தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே வேலியைக் கைத்தொலைபேசிக்கும் போடுகிறோமா என்று பெற்றோரிடம் பணிவோடு கேட்கிறேன்.

இரண்டாவது, வீண்விரயம். மார்க்கம் இதைக் கண்டிப்பாகத் தடுத்திருக்கிறது. ஆகவே இது நியாயமான கேள்வி. வெளிநாட்டிலிருந்து மாதிரி ரயில்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து அலுமாரியில் அடுக்கினால் அது வீண்விரயம் என்றே நானும் சொல்வேன். நான் செலவழித்தது இரண்டு பெருநாட்களுக்குக் கிடைத்த பணம். பெரும்பாலான பொருட்கள் பழைய சாமான் கடையில் எடுத்தவை. வண்டியின் கூரை ஒரு பிஸ்கட் தகரம். ஒரு திருமண வீட்டுக்கு ஒருநாள் மட்டும் உடுத்த எடுக்கும் உடுப்பின் விலைக்கு இந்தப் பாதை முழுவதையும் போடலாம்.

மூன்றாவது கேள்வியை உம்மும்மா கேட்டார். வண்டிக்குள் பொம்மை மனிதர்களை வைப்பாயா என்று. வெளிநாட்டு மாதிரிகளில் சாரதி, கண்டக்டர், பயணிகள் எல்லோரும் சிறு உருவங்களாக இருப்பார்கள். நான் வைக்கவில்லை. எங்கள் ட்ராமில் ஆசனங்கள் காலியாகவே இருக்கும், தம்பியின் புளியங்கொட்டைகள் ஏறாத நேரங்களில். அதனால் அழகு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நமது வரம்புக்குள் நின்று செய்ய எவ்வளவோ இருக்கிறது.

நான்காவது மறுப்பை யாரும் நேராகச் சொல்வதில்லை. அதுதான் “தம்பியா செய்தது?” என்ற கேள்விக்குள் ஒளிந்திருப்பது. சோல்டரிங் கோலும் ஸ்பானரும் ஆண்பிள்ளையின் கைக்கு உரியவை, பெண்பிள்ளையின் கையில் அவை இருந்தால் ஏதோ தவறிப்போய் வந்திருக்கிறது என்ற எண்ணம்.

இந்த எண்ணம் நமது மரபிலிருந்து வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நமது மரபைத் திரும்பிப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. 1206இல் அல் ஜஸரீ நுட்பமான இயந்திரங்களைப் பற்றிய தன் பெரிய நூலை எழுதி முடித்தார். யானை வடிவிலான நீர்க்கடிகாரம், தானாக இயங்கும் பொறிகள் என்று அதில் இருப்பவற்றுள் பல பார்வைக்கு விளையாட்டுப் பொருட்கள் போன்றவைதாம். அவற்றைச் செய்தவரை இன்று பொறியியல் வரலாறு மரியாதையோடு நினைக்கிறது. அவருக்கும் முன்னால், பத்தாம் நூற்றாண்டில், இப்னு அன்-நதீம் தன் நூற்பட்டியலில் வானியல் கருவி செய்பவர்களின் பெயர்களைத் தரும்போது அல் இஜ்லிய்யா என்ற பெண்ணையும் குறிப்பிடுகிறார். அலெப்போ ஆட்சியாளர் ஸைபுத் தௌலாவின் காலத்தில் அஸ்தர்லாப் என்ற நுண்கருவியைச் செய்தவர் அவர். பித்தளைத் தட்டில் பாகைகளைக் கீறி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டிய வேலை அது. அவருடைய தந்தையும் அதே தொழில்செய்பவர். இருவரும் ஒரே ஆசானிடம் கற்றவர்கள்.

அந்தத் தந்தையைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவரிடமும் யாராவது, “இது உங்கள் மகன் செய்ததா?” என்று கேட்டிருப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எழுதப்படவில்லை. ஆனால் மகளின் பெயர் பட்டியலில் இருக்கிறது.

இப்போது நான் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். பொறியியல் படிக்க விரும்புகிறேன். அதற்கு ஊரைவிட்டு விடுதியில் தங்க வேண்டிவரும். விடுவதா இல்லையா என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. வாப்பாவின் கவலை எனக்கு விளங்குகிறது. பாதுகாப்பு, தூரம், ஊரார் பேச்சு எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. ஒரு விளையாட்டு ட்ராமைக் காட்டி அந்தக் கவலையைத் தீர்த்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் லேத் வேலைத்தளத்தில் பாஸ் படத்தாளை என் பக்கம் திருப்பி வைத்தபோது வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வரும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன்னுடைய பழைய கருவிப் பெட்டியைக் கழுவித் துடைத்து என் மேசைக்குக் கீழே வைத்தார். அந்தப் பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதைப் படிக்கும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள். எல்லோரும் ட்ராம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் செய்ய விரும்பினால் சிறிதாகத் தொடங்குங்கள். வட்டப் பாதை வேண்டாம், இரண்டு மீற்றர் நேர்ப்பாதை போதும். ட்ராம் என்பதே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரும் வண்டிதான். அதற்குச் சிறிய வளவே தாராளம். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் தொடாதீர்கள். பற்றரி மட்டும், 12 வோல்ற்றுக்கு மேல் வேண்டாம். சோல்டரிங் செய்யும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், ஒரு பெரியவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 45 மில்லிமீற்றருக்கு ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டால் தண்டவாளத்தின் அகலத்தை எந்த இடத்திலும் சரிபார்க்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம்தான் 24 மடங்கு குறையும். எடை 24 இன் மும்மடியால், அதாவது 13,824 மடங்கு குறையும். 8 தொன் எடையுள்ள ஒரு ட்ராம் 600 கிராமுக்கும் குறைவாகிவிடும். அதனால்தான் ஒரு சிறு சரளைக்கல்லும் ஒரு மாவிலைக் காம்பும் அதைக் கவிழ்த்துவிடுகின்றன. பற்றரியைச் சில்லுகளுக்கு மேலே தாழ்வாக வைத்தால் அந்தப் பாரம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஓடவிடுவதற்கு முன் தினமும் பாதையைக் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தனி ஈர்க்குமாறு இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் உங்கள் மகளுக்கு இன்னுமொரு வகுப்புத் தேடுவதற்கு முன், வளவில் ஒரு மூலையையும் ஒரு கருவிப் பெட்டியையும் கொடுத்துப் பாருங்கள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்காமல் ஒரு மாதம் விடுங்கள். அவள் பழுதாக்கட்டும், திருத்தட்டும். வீட்டில் மின்விசிறியின் ஆளி உடைந்தால் மகனைக் கூப்பிடுவது போல மகளையும் கூப்பிடுங்கள். நமது பாடசாலையிலும் வருடத்துக்கு ஒருமுறை வரும் கண்காட்சிக்காக மட்டுமல்லாமல், வாரம் ஒருநாள் செய்முறைக் கழகம் ஒன்று இருந்தால் நல்லது. ஒரு பழைய மேசையும் நாலு ஸ்க்ரூ ட்ரைவரும் போதும் தொடங்குவதற்கு.

இப்போது ஒவ்வொரு மாலையும் ட்ராம் கிணற்றடிக்குப் போய் நின்றதும் அப்பா குனிந்து, ஓர் ஈர்க்குத்துண்டால் அதன் கோலை மறுபக்கம் திருப்பி விடுகிறார். அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கோலைத் திருப்பாமல் வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டார். கொழும்பில் அப்படித்தான் செய்தார்களாம்.

போன கிழமை வந்த விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் தம்பி பதில் சொன்னான்.

“இல்லை, ராத்தா செய்தது. நான் பெசஞ்சர் ஏற்றுற ஆள்.”